ஏழாம் நம்பர் மஹ்பூபி திறந்த கதவு

மஹ்பூபியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவளிடமே சொன்னால், "எதுக்கு? யாரு எழுதச் சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். அப்படி ஒரு பிறவி. தக்காளி வாங்கினால் தராசை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாள். மாத்திரை அட்டையில் தேதியைப் படித்துவிட்டு, யாராவது மாற்றி அச்சடித்திருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டுவாள். கம்பெனி பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால், வழியில் எங்கே நிறுத்தினாய் என்று டிரைவரை விசாரித்துவிட்டுத்தான் உட்காருவாள். நான் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது, "நெஜமாவே காய்ச்சலா, இல்ல வேற கம்பெனில இன்டர்வியூவா?" என்று கேட்டவள். இனி இவளோடு பேசக் கூடாது என்று அன்றைக்கு வைராக்கியமாக இருந்தேன். மறுநாள் எனக்காக மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து, குடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். குடிக்காமல் கீழே ஊற்றிவிடுவேன் என்று சந்தேகம்.

நாங்கள் இரண்டு பேரும் ஆம்பூரைத் தாண்டி ஹைவே ஓரம் இருக்கும் ஷூ கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கம்பெனி பஸ்ஸில் மாதனூரில் நான் ஏறுவேன், ஆம்பூரில் அவள் ஏறுவாள். இருவருக்கும் செக்கர் வேலை. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன்னால், தைத்து வரும் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதை வெள்ளை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பு உள்ள இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவள் ஏழாம் நம்பர் மேசை, நான் எட்டு. அந்த நம்பர் எங்கள் நீலக் கோட்டிலும் இருக்கும், ஸ்டிக்கரிலும் இருக்கும், பாஸ் சீட்டில் அடிக்கும் முத்திரையிலும் இருக்கும்.

ஏழாம் நம்பர் பாஸ் செய்த பெட்டியை வெளிநாட்டுக்காரன் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று சூப்பர்வைசர் சொல்வார். அவளுக்குச் சந்தேகம்தான் சோறு போட்டது. அதை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. அவள் கூடவே எடுத்துக்கொண்டு போனாள்.

மூத்த மகன் முஜாஹித் அதனால்தான் போனான். நான்கு வருஷத்துக்கு முன்னால், மருமகள் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய பீரோவை வேறொரு சாவி போட்டுத் திறந்து பார்த்திருக்கிறாள் மஹ்பூபி. மருமகள் வந்து துணி கலைந்திருப்பதைக் கண்டு கேட்டதும், தொடவே இல்லை என்று சாதித்துவிட்டாள். மருமகள் அழுதது, மகன் கத்தியது, எதற்கும் அசையவில்லை. மூன்றாம் மாதம் அவர்கள் வாணியம்பாடிக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ரம்ஜானுக்கு வருவார்கள், பிரியாணி சாப்பிட்ட கை காய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

"பீரோவுல அப்படி இன்னாதான் இருந்துச்சு?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சந்திரா. துணி" என்றாள். அதை என்னிடம் சொல்லவே அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

இளையவன் சுஹேல் அகமது. வேலூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, தினம் போய் வருகிறான். அவனுக்குப் பேர்ணாம்பட்டில் பெண் எடுத்தார்கள். பெயர் உமைமா, பி.காம். படித்தவள். பெண் பார்க்கப் போன இடத்தில் மஹ்பூபி பெருமையாகச் சொன்னாளாம்: "என் மருமகளை வேலைக்கு அனுப்ப மாட்டேன். எங்க வீட்ல லைட்டுக்குக் கீழ கண்ணைக் கெடுத்துக்கிட்டது நான் ஒருத்தி போதும்." பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சந்தோஷம். பெண்ணை யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டாவது பிள்ளையும் போய்விட்டால் வீட்டில் அவளும் புருஷன் அப்துல் சமதும்தான். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் நின்று வேலை பார்த்து முட்டி போனவர். பேசவே மாட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "இவன் போனா நான் செத்துடுவேன் சந்திரா" என்று பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் பூட்டு வந்தது. சுஹேல் தன் அறைக் கதவுக்கு உருண்டைக் குமிழ் வைத்த ரவுண்டு லாக் ஒன்றைப் பொருத்தினான். உள்பக்கம் பட்டனை அழுத்திச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ஒரு சாவி அவனிடம், ஒரு சாவி உமைமாவிடம். மத்தியானச் சமையல் முடிந்ததும் உமைமா உள்ளே போய்ச் சாத்திக்கொள்கிறாள். கடைக்குப் போனாலும் பூட்டிக்கொண்டுதான் போகிறாள்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கதவுதான்.

"உள்ள இன்னா பண்றான்னு இவரைக் கேட்டா, சத்தமே இல்லன்றார். ஃபோன் பேசினாக்கூடப் பரவால்ல. சத்தமே இல்லன்னா?"

"தூங்குவா மஹ்பூபி. புதுசா கல்யாணம் ஆன பொண்ணு."

"தூங்குறவ மூஞ்சி எனக்குத் தெரியாதா? நான் வீட்டுக்குப் போறப்ப கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

இன்னொரு நாள், அறைப் பக்கம் மெழுகு வாசனை வருகிறது என்றாள். மெழுகுவத்தி கொளுத்தி ஏதாவது மந்திரம் மாயம் செய்கிறாளோ, மகனைக் கைக்குள் போட்டுக்கொள்ள யாராவது தாயத்து எழுதிக் கொடுத்திருப்பார்களோ என்று ஒரு வாரம் அதிலேயே உருண்டாள். உமைமாவின் விரல் நுனியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதுவும் மந்திரக் கணக்கில் சேர்ந்தது.

பிறகு வந்ததுதான் பெரிய விஷயம். ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியில் வருகிறான், உமைமா வாசலில் நின்று ஒரு மூட்டையைக் கொடுக்கிறாள், அவன் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். மஹ்பூபி அன்று சோற்றைத் தொடவில்லை.

"சாமானைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய ஏத்துறா. எங்கயோ வீடு பாத்து வச்சிருக்காங்க. ஒருநாள் காலையில எழுந்தா ரூமு காலியா இருக்கும்."

"அப்படின்னா அவன் எதுக்கு மூட்டையக் கொண்டாந்து குடுக்குறான்?"

"அதான் எனக்கும் புரியல" என்றாள். வீட்டில் பாத்திரங்களை எண்ணிப் பார்த்திருக்கிறாள். எல்லாம் இருந்தன. இருந்ததால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தி ஆயிற்று.

அந்த எரிச்சலை மேசையில் காட்டினாள். கம்பெனி தவிர, கையால் தைக்கிற மாடல்களை ஏஜென்ட் மூலம் வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவார்கள். எங்கள் பக்கம் சாமுவேல் என்கிற ஏஜென்ட். ஓட்டை போட்ட தோல், மெழுகு தடவிய நூல், ஊசி எல்லாம் கொடுத்துவிட்டு, தைத்ததும் வாங்கி வருவார். யார் தைத்தது என்று பெயர் இருக்காது. அப்பருக்கு உள்ளே வெள்ளிப் பேனாவால் ஒரு நம்பர் மட்டும்.

அதில் நாற்பத்துமூன்றாம் நம்பரைக் கண்டால் மஹ்பூபிக்கு ஆகாது. மற்றவர்கள் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும், இது எதிர்ப்பக்கம் சாயும். "எவளோ இடது கைக்காரி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஷூவின் மூக்கு வளைவில் நூலை இழுத்துப் பிடிக்காமல் லூசாக விட்டிருக்கும். பன்னிரண்டு ஜோடி வந்தால் ஏழெட்டில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவாள். வாரம் போகப் போக நாற்பத்துமூன்று தேறித்தான் வந்தது. பன்னிரண்டில் ஐந்து, அப்புறம் மூன்று. நானாக இருந்தால் அந்த மூன்றில் இரண்டை விட்டிருப்பேன். மஹ்பூபி விடவில்லை.

"கையில கெடச்சா அவ விரலை ஒடிப்பேன்" என்றாள்.

"அவளுக்கு வீட்ல இன்னா பேஜாரோ" என்றேன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏன் சந்திரா, போன மழைல ஒங்க வீட்டு ரூம் கதவு சாத்திக்கிச்சே, சாவி இல்லாம எப்படித் தொறந்தே?"

மஹ்பூபி எதையும் சாதாரணமாகக் கேட்க மாட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் அது என் பெருமைக் கதை. காற்றில் கதவு அறைந்து பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே, புடவை எல்லாம் உள்ளே, நான் நைட்டியோடு வெளியே, பஸ் வர இருபது நிமிடம். ஏ.டி.எம். கார்டைக் கதவுச் சந்தில் விட்டு நெம்பினேன், கார்டுதான் ஒடிந்தது. கட்டிங் செக்‌ஷன் நவீன்குமார் எங்கள் தெருதான். ஓடிவந்து, தோல் வெட்ட மாதிரியாக வைக்கிற பிளாஸ்டிக் பேட்டர்ன் ஷீட்டில் ஒரு துண்டை வைத்து ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டான். அதை எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இன்னொரு தடவை சொல்லக் கசக்குமா?

"கதவு உள்பக்கமாத் தொறக்குதுல்ல, அப்ப பூட்டோட நாக்கு சரிவா இருக்குற பக்கம் நம்ம பக்கம்தான் இருக்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவுல, பூட்டுக்கு மேல ஷீட்டை விடு. நிலைக்கட்டைல இடிக்கும், வளைச்சு விடணும். அதான் கார்டு ஒடியுது, ஷீட்டு வளையுது. அப்படியே கீழ எறக்கு. நாக்குல பட்டதும் கதவை ஒரு கையால இழுத்து விடு, இழுத்து விடு, ஷீட்டை உள்ள அழுத்து. நாக்கு உள்ள போய்டும். தாழ்ப்பா போட்டிருந்தா மட்டும் ஒண்ணும் நடக்காது."

"வெளிய இருந்து பூட்டினா தாழ்ப்பா எப்படிப் போட முடியும்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மஹ்பூபி, வேணாம். மூத்தவனுக்கு ஆனது போதும்."

"நான் சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டவள் நவீன்குமாரிடம் போய் வேஸ்ட் ஷீட் ஒன்று வாங்கிவிட்டாள். எங்கள் கேட்டில் போகும்போது பையையும் உடம்பையும் தடவித்தான் விடுவார்கள், தோல் துண்டு போகக் கூடாது என்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நூல்கூடக் கொண்டுபோகாதவள், ஷீட்டை டிபன் பாக்ஸுக்குள் வளைத்து வைத்து மூடிக்கொண்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். நெற்றியில் வேர்வை. காவல்காரப் பெண் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லவில்லை. ஏழாம் நம்பரை யார் சந்தேகப்படுவார்கள்?

வியாழக்கிழமை உமைமா பேர்ணாம்பட்டுக்குத் தாய்வீடு போகிறாள் என்று தெரிந்து மஹ்பூபி அரை நாள் லீவு போட்டாள். வெள்ளிக்கிழமை வந்தாள். நான் பஸ்ஸிலேயே கேட்டேன்.

"கதவு இன்னாச்சு?"

"தொறந்துச்சு."

"உள்ள?"

"ஒண்ணுமில்ல. தூசி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. கதவு திறந்ததை ஒரு மணி நேரம் சொல்லக்கூடியவள் அவள். சாப்பாட்டு நேரத்திலும் வாயைத் திறக்காமல் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாமுவேலின் மூட்டை வந்தது. நாற்பத்துமூன்றும் அதில் இருந்தது, பன்னிரண்டு ஜோடி. நான் என் வேலையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்தாள், விளக்குக்குக் கீழே பிடித்தாள், வைத்தாள். கடைசி ஜோடியை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். அதன் மூக்கில் ஒரு ஓட்டையில் நூலே ஏறவில்லை. என் மேசையிலிருந்தே தெரிந்தது. அதையும் பெட்டியில் வைத்து, பாஸ் சீட்டில் முத்திரை அடித்தாள்.

சாமுவேல் ஏதோ கொடுத்துக் கவிழ்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஆனால் அவளோடு இருபத்திரண்டு வருஷம் பழகினால் யாருக்கும் அந்தப் புத்தி வரும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு ஷெட்டின் மூலைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். "சாமுவேல் ஒனக்கு இன்னா குடுத்தான்?"

அவள் என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகுதான் எல்லாம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் ஷீட்டை எடுத்துக்கொண்டு கதவருகே போனதும், அப்துல் சமத் கட்டிலில் இருந்தபடியே சொல்லியிருக்கிறார்: "மஹ்பூபி, வேணாம். நான் பாக்கல, நீ பண்ணிக்கோ, ஆனா வேணாம்." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதல் இரண்டு தடவை ஷீட் நிலைக்கட்டையில் முட்டி வெளியே வந்தது. மூன்றாவது தடவை வளைந்து உள்ளே போனது. நாக்கு இருக்கும் இடத்தைக் கையால் உணர்ந்தாளாம். கதவை லேசாக இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், ஷீட்டை அழுத்தினாள். டக் என்று திறந்தது. அந்த நிமிடம் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன் என்றாள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

உள்ளே மெத்தை, பீரோ, ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து, பாயின் மேல் தோல். மெழுகு நூல்கண்டு, இரண்டு ஊசி, பாதி தைத்த அப்பர். பையில் தைத்து முடித்த ஜோடிகள். ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தாள். வெள்ளிப் பேனாவில் நாற்பத்துமூன்று.

"மெழுகு வாசனை, மெழுகு வாசனைன்னு ஒரு வாரம் புலம்பினேனே சந்திரா. நாள் பூரா அதுல உக்காந்திருக்கேன், என் மூக்குக்குத் தெரியலியே."

இடது கைதான் அவளால் நம்ப முடியவில்லை. உமைமா சாப்பிடுவது வலது கை, எழுதுவது வலது கை. சின்ன வயதில் அடித்து மாற்றியிருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஊசியைப் பிடித்தால் மட்டும் அந்தக் கை வெளியே வந்திருக்கிறது.

பாயின் ஓரத்தில் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகச் சிவப்பு அம்புகள். திரும்பி வந்த ஜோடிகளிலிருந்து உரித்து ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன தப்பு என்று எழுதியிருந்தாள். 'நாலாவது ஓட்டை லூசு.' 'முடிச்சு வெளியே தெரியுது.' 'இடது வலதைவிடச் சுருக்கம் ஜாஸ்தி.' எல்லா அம்பிலும் ஏழு.

மஹ்பூபி எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்து, பட்டனை அழுத்தி, கதவைச் சாத்திவிட்டாள்.

"அவகிட்ட சொல்லிடு" என்றேன்.

"சொன்னா போய்டுவா. இவனும் போய்டுவான். பேசாம பாஸ் பண்ணிட்டுப் போறேன், அவ சந்தோஷமா இருப்பா, எங்கயும் போக மாட்டா."

"வெளிநாட்டு பையர் ஆளு அந்த ஓட்டையப் பாத்தா ஒன் வேலை போய்டும்."

"போகட்டும்."

மறுநாள் கரண்ட் ஷட்டவுன் என்று மூன்று மணிக்கே விட்டுவிட்டார்கள். தனியாக வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அப்துல் சமத் தொழுகைக்குப் போயிருந்தார். உமைமா டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒல்லியான பெண், சத்தமில்லாமல் நடக்கிறவள். டீ கொடுத்துவிட்டு அறைக்குப் போய், ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் கொட்டினாள். தோல், நூல், ஊசி. கடைசியாக, சாமுவேல் கொண்டுவந்து கொடுத்த பாஸ் சீட்டு. பன்னிரண்டு ஜோடி, பன்னிரண்டும் பாஸ்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "இருங்க ஆன்ட்டி, நீங்களும் செக்கர்தானே" என்றாள் அவள். பிறகு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"மாமி, ரூமைத் தொறந்தீங்களா?"

"எந்த ரூமு?" என்றாள் மஹ்பூபி.

பீரோவுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கப் போகிறது, இந்தப் பிள்ளையும் போகப் போகிறது என்று நினைத்தேன். மஹ்பூபி பாஸ் சீட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"தொறந்தேன்" என்றாள். "வியாழக்கெழம. நீ ஊருக்குப் போனப்ப. பேட்டர்ன் ஷீட்ட வச்சுத் தொறந்தேன்."

"வழி சொன்னது நான்தாம்மா" என்றேன்.

உமைமா என் பக்கம் திரும்பவில்லை. "இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கு நைட்டே அவரைக் கூட்டிட்டுப் போயிருப்பேன் மாமி" என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மஹ்பூபிக்கு அந்த நேரத்திலும் அவள் புத்தி போகவில்லை. "எல்லாத்தையும் வச்சது வச்ச மாதிரிதான வச்சேன். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"ரூம்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இதுலதான் தப்பு" என்று சீட்டைக் காட்டினாள். "ஊருக்குப் போற அவசரத்துல கடைசி ஜோடில ஒரு ஓட்டைய விட்டுட்டேன். வெள்ளிக்கெழம திரும்பி வந்து மூட்டையக் குடுத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அது திரும்பி வரும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஏழாம் நம்பர் அத விடவே விடாது. வரல. அப்ப ஏழாம் நம்பருக்கு நாற்பத்துமூணு யாருன்னு தெரிஞ்சு போச்சு. ரூமைத் தொறக்காம எப்படித் தெரியும்?"

"ஏழு நான்னு ஒனக்கு..."

"ஒங்க கோட்டை வாராவாரம் தொவைக்கிறது யாரு மாமி?"

மஹ்பூபி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேலைக்குப் போகக் கூடாதுன்னீங்க, சரின்னேன். சும்மா உக்கார முடியல, அதான் சாமுவேல் அண்ணன்கிட்ட வாங்கினேன், அவர்தான் வண்டில வந்து மூட்டை குடுப்பாரு. ஒங்களுக்குப் புடிக்காதுன்னு பூட்டிக்கிட்டேன். மொத வாரமே அம்பு ஒட்டித் திரும்பி வந்துச்சு, ஏழு போட்டு. அழுதேன். அப்புறம்தான் தோணுச்சு." அவள் தோலைத் திரும்பப் பைக்குள் போட ஆரம்பித்தாள். "நான் வந்து பத்து மாசம் ஆச்சு. நான் போடற டீ கம்மி சூடு, மடிக்கிற துணி கோணல், சிரிச்சா ஏன் சிரிக்கிற, சிரிக்காட்டி ஏன் உம்முனு இருக்கே. என் பேர் தெரியாம, மூஞ்சி தெரியாம, நான் செஞ்ச ஒரு ஜோடிய நீங்க நல்லா இருக்குன்னு விடணும். ஒரே ஒரு தடவை பன்னண்டும் பாஸ் ஆகணும். அதுக்குத்தான் தச்சேன். இப்ப பன்னண்டையும் சும்மா குடுத்துட்டீங்க. இத வச்சு நான் இன்னா பண்றது?"

அவள் சீட்டைக் கிழிக்கவில்லை. மடித்து மஹ்பூபியின் மடியில் வைத்தாள். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, மஹ்பூபியைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

"நாளைக்கு அந்த ஜோடிய எடுத்து அம்பு ஒட்டிடுங்க. நான் நம்பரை மாத்திக்கிறேன். எந்த நம்பர்னு கேக்கக் கூடாது, சாமுவேல் அண்ணனையும் கேக்கக் கூடாது. தையல் சாயறதையும் மாத்திக்கிறேன். நீங்க பாருங்க, முன்ன மாதிரியே பாருங்க."

"முன்ன மாதிரியே பாக்கறேன்" என்றாள் மஹ்பூபி. "அல்லா மேல."

மறுநாள் காலை முதல் வேலையாக, மூடிய பெட்டியைப் பிரித்து அந்த ஜோடியைத் தேடி எடுத்தாள். சூப்பர்வைசரிடம் போய், தான் தெரிந்தே விட்டது என்று சொல்லி மெமோ வாங்கிக்கொண்டாள். மீதிப் பதினொன்றையும் மறுபடி பார்த்தாள். இரண்டில் அம்பு ஒட்டினாள்.

அதற்கப்புறம் அவள் படாத பாடு பட்டாள். நாற்பத்துமூன்று வருவது நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் சாயும் தையலும் நின்றுவிட்டது. சாமுவேல் மூட்டையில் இருபத்தைந்து நம்பர் இருக்கும், அதில் எது வேண்டுமானாலும் உமைமாவுடையதாக இருக்கலாம். ஒரு ஜோடியைத் தள்ளும்போது, இரங்கிவிட்டதாக ஆகக் கூடாதே என்று பயந்து தப்பில்லாததைத் தள்ளுகிறேனா என்று பார்ப்பாள். விடும்போது, அவளுடையதாக இருக்குமோ என்று இரங்கி விடுகிறேனா என்று பார்ப்பாள். நான் ஒன்று முடிக்கும் நேரத்தில் அவள் அரைதான் முடிப்பாள். "இது அவளோடதா இருக்குமா சந்திரா?" என்று கேட்டால், "எனக்கெப்படித் தெரியும், பேசாம பாரு" என்று அதட்டுவேன். எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும் என்று இன்றுவரை அவளுக்குச் சந்தேகம்.

வீட்டில் உமைமா இப்போது கதவைத் திறந்து வைத்துத்தான் தைக்கிறாளாம். மஹ்பூபி அந்தப் பக்கமே போவதில்லை. தெரியாமல் கண்ணில் நம்பர் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று, சமையல்கட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஆறாவது வாரம் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு முன்பே நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்தவள், கோட்டுகூடப் போடாமல், புதன்கிழமை தான் பாஸ் செய்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி என் மேசையில் வைத்தாள். பாஸான கைத்தையல் ஜோடி அத்தனையும் அதில் இருந்தது.

"இன்னாடி இது?"

"நேத்து சாயங்காலம் டீ குடுக்கறப்ப சொன்னா. பன்னண்டும் பாஸாம். எந்த நம்பர்னு சொல்லல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் நெஜமாப் பாத்துதான் விட்டேனா, மனசு எளகி விட்டுட்டேனான்னு எனக்குத் தெரியல. ராத்திரி பூரா தூக்கமில்ல. நீ பாரு. ஒண்ணுவிடாம பாரு. தப்பு இருந்தா அம்பு ஒட்டு, நான் வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லிடறேன்."

எனக்கு அன்றைய வேலை மலையாகக் கிடந்தது. திட்டிக்கொண்டே விளக்கைப் போட்டேன். நூற்று எண்பது ஜோடி. என் எட்டாம் நம்பர் அம்பு அட்டையை உரித்துத் தயாராக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மூக்கு, ஓரம், முடிச்சு, உள்பக்கம் என்று பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு எதிரில் நின்றாள். மத்தியானச் சங்கு ஊதியபோது கடைசி ஜோடியைக் கீழே வைத்தேன். ஒரு அம்பும் ஒட்டவில்லை.

"ஒண்ணுலயும் தப்பில்ல மஹ்பூபி" என்றேன்.

அவள் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நல்லாப் பாத்தியா?" என்றாள்.